கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் கரைக்குக் கொண்டு வாருங்கள்

பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா கரைகளில் மீன்பிடி விதிகள் குறித்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும் அலுவலர்களுக்கு,

வணக்கம். கூட்ட அறிவிப்பு மறுபடியும் அதேபோல் வந்திருக்கிறது: தொழில் நாள், காலை 11 மணி, மாவட்டத் தலைநகர்.

அந்த நேரத்தில் நண்டுவலைக்காரர் வீட்டில் என்ன வேலை நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முந்தின நாள் மாலை போட்ட வலையை விடியுமுன் இழுத்தெடுத்துக் கரை சேர்ந்த பிறகுதான், பெண்கள் உட்கார்ந்து நண்டை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார்கள். அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும், விலை இறங்கும். வெயில் ஏறிவிட்டால் செத்த நண்டின் சதை தளரும், வாங்குபவர் ஒதுக்கிவிடுவார். அதன்பின் சங்கும் பாசியும் நீக்கி, கிழிந்த வலைக்கண்ணைப் பொத்தி, வலையை அடுக்கினால்தான் மாலையில் மறுபடி போட முடியும். கூட்டத்துக்கு வந்தவருக்கு அன்றைய நண்டும் போகிறது, அன்றிரவுத் தொழிலும் போகிறது. அந்தப் பெண்களுக்கோ அழைப்பே வருவதில்லை.

பாக் விரிகுடாவில் கடலுக்குப் போக வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு. எந்தக் கிழமை கூட்டம் வைத்தாலும் ஒரு தரப்புக்குப் பிழைப்பு கெடும். விசைப்படகுக்காரருக்கு அந்த ஒரு நாள் வாரத் தொழிலில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒரு தரப்பின் தொழில் நாளில் மற்றத் தரப்பைக் கூப்பிடுங்கள். கூட்டத்தை மீன் இறங்குதளத்தில் வையுங்கள்.

கடலறிந்தவர் இல்லாத அறையில் எழுதும் விதி வலையிலேயே தோற்கும். இழுவை வலையில் மீன் சேரும் கடைசிப் பைக்குக் கண் 40 மி.மீ. என்கிறீர்கள். சாய்சதுரக் கண்ணாக இருந்தால், பாரம் ஏற ஏற அது நீளவாக்கில் இறுகி மூடிக்கொள்ளும், குஞ்சு தப்பாது. சதுரக் கண் இழுவையிலும் திறந்து நிற்கும். பைக்குள் சிறுகண் வலையை இன்னோர் உறையாகத் தைத்திருந்தால், வெளிக்கண்ணை மட்டும் அளப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. இதை உங்களுக்குச் சொல்லக்கூடியவர் வலை கட்டுகிறவர். அவரை ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை.

கட்டுப்பாடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்துக்கு 12 நாள்தான் என்று தாங்களே வரையறுத்துக்கொண்டவர்கள். கேரளம் தன் கடல்மீன்பிடிச் சட்டத்தைத் திருத்தி, கிராமம், மாவட்டம், மாநிலம் என மூன்றடுக்கு மீன்வள மேலாண்மைக் குழுக்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. இங்கே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு ஆலோசனை முடிந்துவிடுகிறது. சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்று ஒரு வரிகூடத் திரும்பி வருவதில்லை. 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளானபோது படகுக் கூலித்தொழிலாளர்கள் அந்தக் கூடுதல் 16 நாளை எப்படிக் கடப்பார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் கேட்பதைப் பணிவாகவே கேட்கிறோம்.

விதியின் வரைவைத் தமிழில், கூட்டத்துக்கு 30 நாள் முன்பே ஒவ்வோர் ஏலக்கூடத்திலும் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒலிபெருக்கியில் வாசியுங்கள். வாய்மொழியாகச் சொல்வதையும் எழுதிக்கொண்டு, பதிலை அதே பலகையில் ஒட்டுங்கள். கூட்டத்தை மட்டும் இறங்குதளத்திலேயே வையுங்கள்.

தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அவர்களுக்கான முதல் கூட்டத்தை அந்த நாட்களுக்குள் வைத்துவிடலாம். பந்தலும் பாயும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கடற்கரை ஊர்களின் மீன்பிடித் தொழிலாளர்கள்