உருளைக்கிழங்கை விளக்கொளியில் குவிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்பொருள் அங்காடிகளில் உருளைக்கிழங்கைக் கழுவி, பளிச்சென்ற விளக்குகளின் கீழ் நாள்கணக்கில் குவித்து வைக்கிறார்கள். இது தவறு. உருளை வேரல்ல, மண்ணுக்குள் பருக்கும் தண்டு. வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். கூடவே சொலனைன், சாகோனின் என்னும் நச்சுகள் தோலிலும் அதை ஒட்டிய சதையிலும் சேரும்.

பச்சை நிறம் நஞ்சல்ல, இலையில் இருக்கும் அதே பச்சையம்தான். இரண்டையும் தூண்டுவது ஒளி என்றாலும், ஒன்று கூடும் அளவுக்கே மற்றதும் கூடும் என்றில்லை. பச்சை தெரியாத கிழங்கிலும் நச்சு ஏறியிருக்கலாம். செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கில் பச்சை இருந்தாலும் கண்ணில் படாது. அடிபட்ட, முளைவிட்ட கிழங்கிலும் நச்சு கூடும்.

நல்ல கிழங்கில் இந்த நச்சுகள் கிலோவுக்குப் பொதுவாக 20 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும். 200ஐத் தாண்டினால் உண்ணத் தகாது. உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் உள்ளே போனாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரக்கூடும். அப்படியானால் 200ஐத் தொட்ட கிழங்கில் வெறும் 75 கிராம், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொல்லை தரப் போதும். முன்பு லண்டன் பள்ளி ஒன்றில், பழைய கிழங்கைச் சாப்பிட்ட 78 மாணவர்கள் நோயுற்றார்கள். 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது.

வேகவைத்தால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். கொதிநீரின் சூடு இந்த நச்சை அழிக்காது. மறுபடி இருட்டில் வைத்து நிறம் மங்கினாலும் சேர்ந்த நஞ்சு அப்படியே இருக்கும்.

கடைக்காரர்கள் கழுவாத கிழங்கை வாங்கி, சிறிது சிறிதாக வெளியே வைத்து விற்கலாம். இரவில் விளக்கை அணைக்க முடியாவிட்டால் சாக்கையாவது போர்த்துங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். வீட்டில் காற்றோட்டமான இருட்டு மூலை போதும். ஓரிடத்தில் மட்டும் லேசான பச்சை என்றால் அங்கே 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சீவி, முளைக்கண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். பச்சை பரவியிருந்தாலோ, வாயில் வைத்ததும் கசந்தாலோ குப்பையில் போடுங்கள். மாட்டுத் தொட்டியிலும் கூடாது.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. விதைக்கிழங்கை மெல்லிய வெளிச்சத்தில் வைத்துப் பச்சையாக்குவது நல்ல முறைதான். ஆனால் நட்டது போக மிஞ்சியதை மண்டிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி