கொழும்பு பார்க்கப் போகும் வன்னிக் குடும்பங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கையில் இருக்கிற மாசி, பங்குனி மாதங்களில் பிள்ளைகளுக்குக் கொழும்பைக் காட்டிவருவோம் என்று புறப்படும் குடும்பங்கள் நம் பகுதியில் பல. காலநிலைக்கும் அது பொருத்தமான காலம். வைகாசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும், மழையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் கொழும்பைப் பற்றி எழுதப்படும் சுற்றுலாக் குறிப்புகளில் பெரும்பாலானவை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கும் வெளிநாட்டாருக்கானவை. இரண்டு பிள்ளைகள், ஒரு அம்மம்மா, ஒரு சோற்றுப் பார்சலோடு முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியப்புறம் புறக்கோட்டையில் இறங்கும் குடும்பத்துக்கு அவை உதவமாட்டா.

வழமையாக நடக்கும் பிழை இதுதான். பத்து இடங்களை எழுதிக்கொண்டு போவார்கள், ஒரு நாளைக்கு வான் பிடிப்பார்கள், பாதி நாளை வீதி நெரிசலிலேயே கழிப்பார்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும், மாலை நாலரையிலிருந்து ஏழு வரைக்கும் கொழும்பு வீதிகளில் வாகனம் ஊரும். கோயில்கள் மதியத்தில் நடை சாத்திவிடும். நூதனசாலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். காலிமுகத்திடலில் நின்றுகொள்ள ஒரு மரம் கிடையாது. எதைப் பார்ப்பது என்பதோடு எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதையும் சேர்த்துத் தீர்மானித்தால், இதே பணத்தில் இரட்டிப்பாகப் பார்க்கலாம்.

முதலில் பயணம். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போவதென்றால் புகையிரதமே மேல், எழும்பி நடக்கலாம், மலசலகூடமும் உண்டு. முல்லைத்தீவுக்காரர் மாங்குளத்தில் ஏறலாம். மன்னார்ப் பக்கத்தவருக்குத் தலைமன்னார்ப் பாதை இருக்கிறது. இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கொழும்பை நெருங்கியதும் முதலில் மருதானை வரும். அங்கே பெட்டியில் பாதிச் சனம் இறங்கும், அதைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். அடுத்ததுதான் கோட்டை. பெயர்தான் கோட்டை, நிலையம் இருப்பதோ புறக்கோட்டையின் வாசலில். வாசலுக்கு நேரே ஒல்கொட் சிலை நிற்கிறது. யாராவது கூட்டத்தில் தவறிப்போனால் அந்தச் சிலையடியில் வந்து நிற்பது என்று இறங்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். மலசலகூடத் தேவையை நிலையத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது, கடைத்தெருவுக்குள் போனபின் தேடி அலைய நேரிடும். பொதிகளை ஒப்படைக்கும் அறையும் அங்கே உண்டு. எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டபின் வையுங்கள்.

பஸ்ஸில் வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய பேருந்து நிலையம், பஸ்தியன் மாவத்தை, குணசிங்கபுர என்று புறக்கோட்டையில் பஸ் நிலையங்கள் அருகருகே பல. திரும்பும் பஸ் எதிலிருந்து வெளிக்கிடும் என்பதை இறங்கும் முன்பே நடத்துனரிடம் கேளுங்கள். இரவு நேரத்தில் மூட்டையோடு ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஓடுவது பெரும் அலைச்சல்.

விடியப்புறம் நாலு, ஐந்து மணிக்கு வந்திறங்கினால் கடைகள் திறக்க இன்னும் நாலைந்து மணித்தியாலம் இருக்கும். பலர் பஸ் நிலையத்து வாங்கில் தூங்கிவழிவது இந்த நேரத்தில்தான். வெளிச்சம் வந்ததும் ஓட்டோ ஒன்றில் நேரே கொச்சிக்கடைக்குப் போங்கள். புனித அந்தோனியார் ஆலயத்தை அதிகாலையில் நெரிசலில்லாமல் தரிசிக்கலாம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு பைகளைச் சோதித்தே உள்ளே விடுவார்கள், பெரிய பொதி வேண்டாம். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நாள், சனம் அலைமோதும். நேர்த்தி இருந்தால் அன்று போங்கள், பார்க்க மட்டும் போவதென்றால் வேறு நாள். பொன்னம்பலவாணேசர் கோயிலும் அந்தப் பக்கந்தான். முழுவதும் கருங்கல்லில் எழுந்த கோயில், தூண்களை நின்று பார்க்க வேண்டும்.

அங்கிருந்து கால்நடையாகத் திரும்புவதே நான் சொல்லும் வழி. எல்லாரும் புகையிரத நிலையத்திலிருந்து உள்ளே நடப்பார்கள். நீங்கள் எதிர்த்திசையில் வாருங்கள், கடைகள் திறக்கத் திறக்க நடந்து வரலாம், முடிவில் நிலையமும் பஸ்ஸும் பக்கத்தில் இருக்கும். செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும். ஆடிவேல் விழாத் தேர் புறப்படுவது இங்கிருந்துதான். நகை வாங்குவோர் அன்றைய பவுண் விலை, செய்கூலி, சேதாரம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, நிறையும் கரட்டும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். எட்டுக் கிராம் ஒரு பவுண். பிரதான வீதிக்கு வந்தால் குறுக்குத் தெருக்கள் வரிசையாக வெட்டிப் போகும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்பது 1909இல் கட்டி முடித்த ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். தெரு ஒடுக்கமானதால் பள்ளியை அண்ணாந்துதான் பார்க்க முடியும், படத்துக்கு எதிர்ப்புறம் சற்றுத் தள்ளி நில்லுங்கள். தொழுகை நேரத்தில் உள்ளே போகக் கேட்காதீர்கள். கடைசியில் 1923ஆம் ஆண்டுக் கான் மணிக்கூட்டுக் கோபுரம் வந்தால் புறக்கோட்டை முடிந்தது.

இந்த நடையில் கவனிக்க வேண்டியது மூட்டை சுமக்கும் நாட்டாமிகளின் தள்ளுவண்டிகளை. பாரமேற்றிய வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஓரம் போய்விட வேண்டும். குதிக்கால் அடிபடுவது பெரும்பாலும் படம் எடுக்க நடுத்தெருவில் நிற்பவர்களுக்குத்தான். பணப்பையும் கைபேசியும் முன்பக்கத்தில் இருக்கட்டும். மொத்த விற்பனைக் கடைகளில் டசின் கணக்கில்தான் விலை சொல்வார்கள், ஒன்றிரண்டு தருவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். மின்சாதனம் வாங்கினால் கடையிலேயே போட்டுப் பார்த்து, உத்தரவாத அட்டையில் முத்திரை வாங்குங்கள், கிளிநொச்சியிலிருந்து மாற்றுவதற்குத் திரும்பி வர ஒருவராலும் ஏலாது. சாமான் வாங்குவதை ஊர் திரும்பும் நாளுக்கு வைத்தால் நாள் முழுக்கச் சுமக்கத் தேவையில்லை. முழங்கால் நோவுள்ள முதியவர்களை இந்த நடையில் சேர்க்காதீர்கள், நடைபாதை பல இடங்களில் உடைந்து கிடக்கிறது.

மதிய வெயிலுக்கு நூதனசாலை. கோட்டை நிலையத்துக்கு முன்னால் 138 இலக்க பஸ் எடுத்தால் நகர மண்டபத்தைத் தாண்டிப் போகும். வன்னி வெயில் காயும், கொழும்பு வெயில் அவிக்கும், தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்க வேண்டும். 1877இல் தொடங்கிய நூதனசாலையில் எல்லாவற்றையும் பார்க்க வெளிக்கிட்டால் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். மூன்று போதும்: 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோய் 1934இல் திருப்பித் தந்த கண்டி அரியாசனம், பொலன்னறுவையில் எடுத்த நடராசர் முதலிய வெண்கலச் சிலைகள், காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு நாட்டுவித்த அந்தக் கல்லில் சீனமும் பாரசீகமும் தமிழும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயில் தெய்வமான தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. தமிழ்ப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் இதைக் காட்டாமல் திரும்புவது நியாயமில்லை. பார்சலைப் பிரிக்கப் பக்கத்து விகாரமகாதேவிப் பூங்காவில் நல்ல நிழல் உண்டு.

நாலரைக்குப் பின் காலிமுகத்திடல். பொழுதுபடுவது ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில். இறால் வடையைக் கையில் வாங்கு முன் விலையைக் கேளுங்கள். கடலில் இறங்க விடாதீர்கள், குளிக்கும் கரையல்ல அது.

தங்க இடம் தேடுவோருக்கு வெள்ளவத்தை வசதி. தமிழ் புழங்கும், சைவக் கடைகள் உண்டு. திடலிலிருந்து காலி வீதியால் போகும் 100, 101 இலக்க பஸ்கள் அந்தப் பக்கம் போகும். ஆனால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பகுதியில் காலி வீதி ஒருவழிப் பாதை. வந்த பஸ் அதே வீதியால் திரும்பாது, சமாந்தரமாக ஓடும் டூப்ளிகேசன் வீதியால் போகும். எதிர்ப்புறத் தரிப்பிடத்தில் வீணாகக் காத்து நிற்போர் இதைத் தெரியாதவர்கள்தான். நடத்துனர் வாயில் ஊர்ப் பெயர் சிங்களத்தில் வரும்: புறக்கோட்டை பிட்டகொட்டுவ, கறுவாத்தோட்டம் குருந்துவத்த, கொட்டாஞ்சேனை கொட்டஹேன. மிகுதிக் காசை உடனே கேட்டு வாங்குங்கள், இறங்கும்போது கேட்டால் நெரிசலில் கிடைக்காது. ஓட்டோவென்றால் மீற்றர் போடச் சொல்லுங்கள், அல்லது பிக்மி செயலியில் கூப்பிடுங்கள். நிலைய வாசலில் நிற்பவற்றை விடச் சற்று நடந்து வீதியில் போவதை மறிப்பது மலிவு.

இரண்டாம் நாள் இருந்தால் கோட்டையிலிருந்து கல்கிசைக்குக் கரையோரப் புகையிரதத்தில் போய்வாருங்கள். போகும்போது வலப்பக்கம் கடல், தண்டவாளத்தை ஒட்டியே அலை. கொழும்பில் குறைந்த காசுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு அரை நாள் தனியாக வேண்டும், வேறெதையும் அதோடு கட்டாதீர்கள். தாமரைக் கோபுரத்துக்கு வானம் தெளிந்த நாளில் மட்டும் சீட்டு எடுங்கள், முகில் மூடினால் மேலே போயும் வெறும் வெள்ளைதான். கோட்டைப் பகுதியில் துறைமுகம், படையினர், காவலரண்கள் பக்கம் கமராவைத் திருப்பாதிருப்பது நல்லது.

போகக்கூடாத நாட்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரம் தவிரப் பெரும்பாலான கடைகள் பூட்டு. வெள்ளி மதியம் ஜும்மாவுக்காக முஸ்லிம் கடைகள் மூடும். போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினங்களில் நூதனசாலை போன்ற அரச இடங்கள் திறக்குமா என்று முன்னரே விசாரியுங்கள். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையில் கொழும்பே ஊருக்குப் போய்விடும், சாப்பாட்டுக் கடை தேடி நடக்க வேண்டிவரும்.

திரும்பும் இருக்கையைப் போகும் இருக்கையோடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். நீண்ட விடுமுறை முடியும் நாட்களில் வடக்குப் புகையிரதத்தில் நிற்கவும் இடமிருக்காது. பாடசாலை விடுமுறைக்கு முந்திய வாரத்தில் வடபகுதிப் புகையிரத நேரங்களையும் அந்த மாதத்துப் போயா தினத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தாங்கள் வெளியிட்டால், இணையத்தில் தேடத் தெரியாத குடும்பங்கள் அதை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
பரந்தன், கிளிநொச்சி.