முந்திரிக்கொத்து மட்டும் போதும்

கர்த்தருக்குள் அன்பான தோழிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். டிசம்பர் வந்தாலே கிறிஸ்துமஸ் வேலையை நினைத்துப் பயமாக இருக்கிறது, கேக், ஆளுக்கு இரண்டு செட் துணி, பள்ளிக்கூட விழா என்று ஓடி ஓடி, கடைசியில் 25ஆம் தேதி ஆராதனையில் தூங்கி விழுந்தேன் என்று எழுதியிருந்தாய். 2023 வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த வருஷம் டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை என்று பிறகுதான் தெரிந்தது. தாமிரபரணி ஏரல் பக்கத்தில் எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. முந்திரிக்கொத்துக்கு வறுத்துத் திரித்து வைத்த பாசிப்பயறு மாவு, பீரோவில் இருந்த புதுத்துணி எல்லாம் சேறு. மூன்று ராத்திரி பள்ளிக்கூட மாடியில் படுத்தோம்.

24ஆம் தேதி ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாமா லூக்கா 2ஆம் அதிகாரம் வாசித்தார். சத்திரத்தில் இடமில்லை என்ற வசனம் வந்ததும் சின்னவள், "நாம பள்ளிக்கூடத்துல படுத்த மாதிரியா தாத்தா?" என்று கேட்டாள். மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மீதியை நான்தான் வாசித்தேன். முன்னணை என்றால் மாட்டுக்குத் தீவனம் போடுகிற தொட்டி என்று அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு விளங்கச் சொன்னேன். இத்தனை வருஷமாக அதைச் சொல்ல எனக்கு நேரமே இல்லாமல் போயிருக்கிறது, பார். விடியற்காலை கோயிலில் எல்லாருமே பழைய துணியில் நின்றோம். அன்றைக்குப் பாடினதுபோல அதற்கு முன்பு நான் பாடினதில்லை.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் விட்டதையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும் என்றார். எனக்கு மனசு வரவில்லை. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஆளுக்கு ஒரு செட் துணிதான். கேக் வேண்டாம், பலகாரத்தில் முந்திரிக்கொத்து மட்டும் போதும். ஆனால் அதை எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டும். பயறு வறுப்பது நான், உடன்குடிக் கருப்பட்டியில் பாகு காய்ச்சுவது மாமா. பாகு பதம் அவர் சொன்னால் சொன்னதுதான். பிள்ளைகள் எள்ளும் தேங்காயும் சேர்த்து உருண்டை பிடிப்பார்கள், என் வீட்டுக்காரர் மாவில் முக்கி மூன்று மூன்றாக எண்ணெயில் விடுவார். முதல் தட்டு அந்த வெள்ளத்தில் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட மேலத்தெரு அக்கா வீட்டுக்குப் போகும். மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் வைத்து ஸ்டாரையும் நாங்களே ஒட்டுகிறோம்.

துணி, பரிசு எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், பிள்ளைகள் ஏங்கிப் போவார்கள். ஒன்று வைத்துக்கொள், அது போதும். கோயில் பாட்டுக்குழு வீட்டுக்குப் பாட வருகிற ராத்திரி மட்டும் எதையும் குறைக்காதே. முன்பெல்லாம் காணிக்கைக் கவரைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுவேன். இப்போது பிள்ளைகளை எழுப்பிவிட்டு, வந்தவர்களை உட்காரவைத்துச் சுக்குக் காப்பி கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

அப்புறம், இந்த வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 22ஆம் தேதியே வந்துவிடு. 23ஆம் தேதி பாகு காய்ச்சுகிறோம். சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி