கார்தா ஏரிக்குப் பக்கத்தில் ஓர் ஊர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆபீஸ் பிள்ளைகளோடு கார்தா ஏரிக்குப் போகப் போவதாகச் சொன்னாய். சரி, போய் வா. ஆனால் டெசென்சானோ ஸ்டேஷன் வரை போகிறவள், தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயையும் பார்த்துவிடு. 1680இல் வீரமாமுனிவர் பிறந்த ஊர். அவர் கட்டிய ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய்ப் போய் வளர்ந்தவள், மிலானில் இருந்துகொண்டு அவர் ஊரைப் பார்க்கவில்லை என்றால் நன்றாகவா இருக்கும்?

பெரிய மலை எதுவும் இருக்காது. பனியுகத்தில் ஆல்ப்ஸிலிருந்து இறங்கிய பனியாறு, வாரி வந்த கல்லையும் மண்ணையும் ஏரிக்குத் தெற்கே வளைவு வளைவாகக் கொட்டிவிட்டுப் போன மேடுகள்தான். அதைத் தாண்டினால் ஒரே சமவெளி. மேட்டைப் பிடித்தவன் கை ஓங்கும் என்பதால் படைகள் இங்கே மோதிக்கொண்டே இருந்தன. 1796இல் நெப்போலியன் ஆஸ்திரியர்களை வென்றதும் இங்கேதான்.

ஊரை ஆண்டது கொன்சாகா வம்சத்தின் ஒரு கிளை. அதன் மூத்த வாரிசு அலோசியஸ், பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துச் சேசு சபையில் சேர்ந்தார். ரோமில் கொள்ளைநோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, 1591இல் 23 வயதில் இறந்தார். நம் பக்கம் தெருவுக்கு ஒரு ஞானப்பிரகாசம் இருக்கிறாரே, அந்தப் பெயருக்குரிய புனிதர் இவர்தான். மண்டையோடு அங்கே பசிலிக்காவில் இருக்கிறது.

ஆனால் நீ அதிக நேரம் நிற்க வேண்டியது பெரிய கோயிலில். 1859 ஜூன் 24, பக்கத்துச் சோல்ஃபெரினோவில் பிரெஞ்சு, சார்தீனியப் படைகளும் ஆஸ்திரியப் படையும் விடிந்ததிலிருந்து மோதின. காயம்பட்டவர்கள் வண்டி வண்டியாக இந்த ஊருக்கு வந்தார்கள். கோயில், வீடு, தெரு எங்கும் வைக்கோலைப் பரப்பிக் கிடத்தினார்கள். மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஊர்ப் பெண்கள் தண்ணீரும் கட்டுத்துணியுமாக இறங்கி, எதிரிப் படையாளுக்கும் கட்டுப் போட்டார்கள். “துத்தி ஃபிராதெல்லி” என்றார்களாம். எல்லோரும் சகோதரர்கள்.

அல்ஜீரியாவில் நடத்திய தன் தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசரைப் பார்க்க வந்த ஹென்றி துனாந்த் என்ற ஜெனீவாக்காரர் அங்கே மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1862இல் அதைப் புத்தகமாக எழுதினார். மறு வருஷமே செஞ்சிலுவைக்கு அடித்தளம் விழுந்தது. 1901இல் முதல் அமைதி நோபல் பரிசில் பாதி அவருக்கு. பெயர் எழுதப்படாத அந்தப் பெண்களுக்குத்தான் முழுப் பரிசும் போயிருக்க வேண்டும் என்பேன். உன் அம்மாவும் இதில் என் கட்சி. வார்டில் இத்தனை வருஷம் நின்றவள் அல்லவா.

அங்கே செஞ்சிலுவை மியூசியமும் உண்டு. அந்தக் காலத்து ஆம்புலன்ஸ் வண்டிகளைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பு. சோல்ஃபெரினோ கோபுரம் ஏறுவதானால் காலையிலேயே ஏறிவிடு, மத்தியான வெயிலில் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா