31 பிள்ளைகள், ஒரு திரை, ஒரு பழைய போன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வகுப்பறைத் திரைகளைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை எங்கள் பள்ளித் திரைக்கு முன்னால் உட்கார்ந்துதான் படித்தேன். கரண்ட் இல்லை, அதனால் முழுசாகப் படிக்க நேரம் கிடைத்தது. ஸ்வீடன் 2023-ல் மறுபடியும் அச்சுப் புத்தகங்கள் பக்கம் திரும்பியதைச் சொல்லி, நாமும் திரைகளைக் குறைத்தால் என்ன என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் அங்கே ஆளுக்கொரு கருவி கொடுத்துப் பார்த்துவிட்டு யோசிக்கிறார்கள். எங்கள் பள்ளியில் 31 பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு திரை. அவர்கள் தலைவலி வேறு, எங்கள் தலைவலி வேறு.

நான் தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. தகுதித் தேர்வு எழுதி, அது போதாது என்று 2018-ல் வந்த அரசாணை 149 சொன்ன நியமனத் தேர்வையும் எழுதி, வேலைக்கு வந்து சேர்வதற்குள் முப்பது வயதைத் தாண்டிவிட்டேன். சேர்ந்து இன்னும் ஓராண்டு முடியவில்லை. திரைக்கு நான் எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் இத்தனை தேர்வுகளுக்கும் எனக்குத் துணை. அதில்தான் என் முதல் பாடத்துக்கு 24 ஸ்லைடு தயாரித்தேன்.

அந்த முதல் பாடம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அன்று கரண்ட் இருந்தது, கேபிளும் ஒழுங்காகப் பொருந்தியது. படம் ஓடியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தொடக்க வகுப்புகளில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. அதில் பிள்ளைகளை வயதை வைத்து அல்ல, என்ன தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறோம். எழுத்தே தெரியாத பிள்ளை அரும்பில், தானாக வாசிக்கிற பிள்ளை மலரில். மூன்று கூட்டமும் ஒரே அறையில்தான். அரும்புக்கு என்று எழுத்துப் பாட்டைப் போட்டால் மொட்டு, மலர் எல்லாம் நோட்டை மூடிவிட்டு அங்கே திரும்பிவிடும். பக்கத்து அறையிலிருந்தும் நாலைந்து தலைகள் எட்டிப் பார்க்கும். மலருக்குப் போட்டால் அரும்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒன்றும் ஏறாது.

இன்னொன்று, கோரஸ். திரை "ழ" என்கிறது, 31 பேரும் "ழ" என்று கத்துகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் சொன்னது, யார் வாயை மட்டும் அசைத்தது? அந்தச் சத்தத்தில் எனக்குத் தெரியவே இல்லை.

திரையால் மட்டுமே முடிந்த ஒரு நாளையும் சொல்ல வேண்டும். திசைகள் பாடத்துக்கு என் போனின் ஹாட்ஸ்பாட்டில் எங்கள் ஊரை மேலிருந்து காட்டினேன். முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. அப்புறம் ஒருவன் குளத்தைக் கண்டுபிடித்தான். குளத்திலிருந்து கோயில், கோயிலிலிருந்து ரேஷன் கடை, அங்கிருந்து தெரு தெருவாகப் போய், ஒரு பெண் பிள்ளை மொட்டை மாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை வைத்துத் தன் வீட்டைத் தொட்டுக் காட்டினாள். "பள்ளிக்கூடம் எங்க வீட்டுக்கு மேக்க இருக்கு டீச்சர்!" காலையில் மலையைப் பார்த்து நடந்து வருகிற பிள்ளைக்கு அது தெரியாததா? ஆனால் அந்த வார்த்தை அன்றுதான் அவள் வாயில் வந்தது. இதைக் கரும்பலகையில் வரைந்து என்னால் செய்திருக்க முடியாது.

ஆனால் வாசிப்புக்கு உதவியது திரை அல்ல. அதற்கான யோசனையும் என்னுடையது அல்ல, எங்கள் தலைமையாசிரியையுடையது. ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன அவருக்கு. தமிழில் தட்டச்சு செய்ய நேரமாகிறது என்று எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவே அனுப்புவார். அனுப்பியதைத் தானே ஒரு முறை போட்டுக் கேட்பார். ஒரு நாள் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏம்மா, இதுகளையும் இப்படிப் பேசவிட்டுக் கேட்க வச்சா என்ன?" என்றார்.

வீட்டில் சும்மா கிடந்த, கண்ணாடி கீறல் விட்ட ஒரு பழைய போனைக் கொண்டுவந்தேன். சிம் கிடையாது, இணையம் கிடையாது. குரலைப் பதிய மட்டும்தான் அது. மொட்டுக் கூட்டத்தில் ஒருத்தி இருக்கிறாள், கூட்டத்தோடு சத்தமாக வாசிப்பாள், தனியாகக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அவளை வராந்தாவில் உட்காரவைத்து நான்கு வரி வாசிக்கச் சொன்னேன். "காகிதத்தைக் கிழி" என்பதை "காகிதத்தைக் கிளி" என்று வாசித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதிந்ததைப் போட்டுக் காட்டினேன். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, "டீச்சர், நான் இப்பிடியா பேசுதேன்?" என்றாள். இன்னொரு முறை கேட்டாள். "கிளின்னு சொல்லிட்டேன்" என்று தானே சிரித்துவிட்டு, மறுபடியும் பதியச் சொன்னாள். நான்கு வரிக்கு அன்று ஏழு முறை வாசித்தாள். நான் சொல்லியிருந்தால் இரண்டாவது தடவையே வாயை மூடியிருப்பாள்.

ழகரம் பிறக்க நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருட வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. பயிற்சி நிறுவனத்தில் நானும் மனப்பாடம் செய்தேன். திரையில் வருகிற பொம்மைக்கு உதடு அசைகிறது, நாக்கு எங்கே தெரிகிறது? தன் குரலைத் தானே கேட்கிற பிள்ளை நாக்கை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்துக்கொள்கிறது.

இப்போது அந்தப் போனுக்கு வரிசை. ஒருவர் வராந்தாவில் வாசிக்கும்போது மற்ற 30 பேரும் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள், திரை ஓடும்போது நடக்காத ஒன்று இது. பதிவுகளை வெளியே அனுப்புவதில்லை, மாலையில் அழித்துவிடுகிறேன். பீடி சுற்றிக்கொண்டே வந்து கேட்ட அம்மாக்களிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். திரை ஓடுகிற படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உடனே கட்டைவிரல் வருகிறது. வராந்தாவில் ஒரு பிள்ளை ஓட்டைப் போனோடு உட்கார்ந்திருப்பதைப் படமெடுத்துப் போட்டால் யார் என்ன நினைப்பார்களோ, நான் போடவில்லை.

உங்கள் இதழ் திரைகளைப் பற்றி மறுபடியும் எழுதினால், எத்தனை பள்ளிக்கு வந்தது என்பதோடு நிறுத்தாமல், அது ஓடும்போது கடைசி வரிசைப் பிள்ளை என்ன செய்தது என்றும் கேட்டு எழுதுங்கள். சும்மா கிடக்கும் பழைய போன் வைத்திருக்கிற வாசகர்கள் எனக்கு அனுப்ப வேண்டாம், தங்கள் தெருவிலேயே ஒரு பள்ளி இருக்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு மாதிரி காட்டலாம் என்று ஒரு நாள் பள்ளி விட்டதும் ஒரு பத்தியை நானே வாசித்துப் பதிந்தேன். போட்டுக் கேட்டால், மூன்றாவது வரியில் "மளை" பெய்கிறது. நானும் இந்தப் பக்கத்து ஆள்தானே. அன்று மாலை முதலில் அழித்தது அந்தப் பதிவைத்தான்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.