மழைக்காலத்துக்கு ஓர் அங்குலம் சிறிய ரிம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் வட்டாரத்து டயர்க் கடைகளில் இரண்டு வகைக் கூட்டம் சேரும். தேய்ந்த டயரை மாற்ற வருபவர்கள் ஒரு பக்கம், தீபாவளிக்குள் காருக்கு அகலமான ஸ்போர்ட் ரிம் போட்டுவிட வேண்டும் என்று வருபவர்கள் இன்னொரு பக்கம். பேராக்கில் பிற்பகல் மழை வலுப்பதும் அதே மாதங்களில்தான். செம்பனை லோரிகள் செம்மண்ணை இழுத்து வந்து கொட்டும் தோட்டச் சந்திப்புகள், தண்ணீர் தேங்கும் பழைய பெடரல் சாலை, ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே மெனோரா சுரங்கத்தை ஒட்டிய வளைந்த இறக்கம் என எல்லாவற்றிலும் இந்தக் கார்கள்தான் ஓட வேண்டும். அதனால் மழை தொடங்குமுன் இந்த விவரங்களை வெளியிட்டால் வாசகர்களுக்கு உதவும் என்று எழுதுகிறோம்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் மழை மாதங்களுக்கென்று தனியாக ஒரு செட் ரிம்மும் டயரும் வைத்துக்கொள்வது வீண் செலவு அல்ல. ஒரு செட் ஓடும்போது மற்றது தேயாமல் இருக்கிறது. குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்குத் தனி செட் வைத்திருப்பது சாதாரண வழக்கம். அங்கே பலர் கோடையில் ஓட்டும் ரிம்மைவிட ஓர் அங்குலம் சிறியதை, அகலம் குறைந்த டயருடன், பனிக்குப் போடுகிறார்கள். நமக்குப் பனி இல்லை. ஆனால் அந்தக் கணக்கு நம் மழைக்கும் பொருந்தும். இங்கே நடப்பதோ நேர்மாறு: மழை வரும் நேரத்தில்தான் ரிம் பெரிதாகிறது, டயர் அகலமாகிறது.

அகலம் ஏன் கெடுதல்? சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 205 மில்லி அகல டயர் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 லிட்டர் தண்ணீரை ஒதுக்க வேண்டும். 245 மில்லி டயருக்கு அது 16 லிட்டருக்கு மேல். டயர்ப் பூவின் (தரையில் படும் செதுக்கலின்) பள்ளங்கள் அவ்வளவையும் வெளியே தள்ள முடியாமல் போனால் டயர் தண்ணீர் மேல் ஏறிவிடும். ஸ்டீரிங் திடீரென்று இலேசாகும். பிரேக்கை மிதித்தாலும் பிடிக்கத் தரை இல்லை. அகன்ற டயருக்குக் காய்ந்த சாலையில் பிடிப்பு அதிகம் என்பது உண்மைதான். தேங்கிய தண்ணீரில் அந்த அகலமே எதிரியாகிறது.

ஓர் உதாரணத்துக்கு டொயோட்டா 86. இதன் பெரும்பாலான வகைகளில் கம்பெனி போட்டு வந்தது 215/45 ஆர் 17. முதல் எண் மில்லியில் டயரின் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். டயரின் முழு உயரம் 625 மில்லி. அதே காரின் அடிப்படை வகைக்கு ஜப்பானில் கம்பெனியே 205/55 ஆர் 16 போட்டிருக்கிறது. அதன் உயரம் 632 மில்லி. வித்தியாசம் ஒரு விழுக்காடுதான், வேக மீட்டர் தப்பாகாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 97 மில்லியிலிருந்து 113 மில்லிக்கு உயர்கிறது. தண்ணீருக்குள் மறைந்திருக்கும் குழியில் சக்கரம் இறங்கும்போது ரிம்மின் உட்பக்க விளிம்பைக் காப்பாற்றுவது இந்த 16 மில்லிதான். நம்மவர்கள் ஆசைப்படும் 225/40 ஆர் 18இல் பக்கச்சுவர் 90 மில்லிதான். விளிம்பு உட்பக்கமாக விரிசல் விட்டு, வெளியே எதுவும் தெரியாமல், இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்று இறங்கும் ரிம்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

பெரோடுவா மைவி போன்ற சிறிய கார்களுக்கும் இதே கணக்குத்தான். 175/65 ஆர் 14, 185/55 ஆர் 15 இரண்டின் உயரமும் 583, 584 மில்லி என்று ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அதற்கு 205/45 ஆர் 17 போட்டால் உயரம் 616 மில்லி ஆகிவிடும். மீட்டர் 100 காட்டும்போது கார் 105இல் ஓடும், முழுதாகத் திருப்பினால் டயர் உள்ளே உரசும்.

அடுத்தது ஆஃப்செட். கடையில் அதிகம் பேசப்படாததும் மழையில் அதிகம் உறுத்துவதும் இதுதான். ரிம்மின் அகல நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சுத் தலையில்) உட்காரும் முகம் எத்தனை மில்லி வெளியே தள்ளியிருக்கிறது என்பதே இந்த எண். 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48 உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு 8 அங்குலம், 35 போட்டால் உட்பக்க விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். வெளி விளிம்போ 26 மில்லி வெளியே வந்துவிடும். பார்வைக்கு எடுப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தேங்கிய தண்ணீரில் இறங்கும்போது, அந்த இழுப்பு ஸ்டீரிங் அச்சிலிருந்து இன்னும் தள்ளி நின்று இழுக்கிறது. நெம்புகோல் நீண்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது: ஸ்டீரிங் கையிலிருந்து பிடுங்கும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் தகடு போட்டாலும் இதே கதைதான். டயர் மட்கார்டைத் தாண்டி நின்றால் பின்னால் மோட்டார்சைக்கிளில் வருபவரின் முகத்தில் சேற்றுத் தண்ணீர் அடிக்கும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மனுக்கும் அது போதும். மழை செட்டுக்கு ஆஃப்செட்டைக் கம்பெனி அளவிலேயே, அல்லது 5 மில்லி வித்தியாசத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

16 அங்குல ரிம் பிரேக் கேலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில்) இடிக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரிய பிரேக் மாற்றியிருந்தால் பெரும்பாலும் இடிக்கும். டயர் ஏற்றுவதற்கு முன்பே வெறும் ரிம்மை மாட்டி, இரண்டு நட்டுகளைக் கையால் இறுக்கி, மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். கேலிப்பருக்கும் ரிம்மின் கம்பிகளுக்கும் நடுவே குறைந்தது 3 மில்லி இடைவெளி வேண்டும். சக்கரத்தின் எடையைச் சமப்படுத்த உட்சுவரில் ஒட்டும் பேலன்சிங் கட்டிகளுக்கும் தடிமன் உண்டு; அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் முதல் நாளே கேலிப்பர் அவற்றைச் சுரண்டி எடுத்துவிடும். டயர் ஏற்றிய பிறகு ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். பின் இருக்கையில் ஆளை ஏற்றியும் ஒருமுறை பாருங்கள். டயரின் தோளில் சாக்பீஸ் தடவிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தால், எங்கே உரசுகிறது என்று சாக்பீஸே காட்டிக்கொடுக்கும்.

வெளியில் விற்கும் ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக நடுத்துளையை 73.1 மில்லி என்று பெரிதாகவே விடுவார்கள். 86இன் ஹப் 56.1, ஐந்து நட்டு ஹோண்டா சிவிக் 64.1, மைவி 54.1. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாமல் மாட்டினால், ரிம் சரியான மையத்தில் உட்காருவது நட்டின் தயவில்தான் இருக்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 90, 100 கிலோமீட்டரில் ஸ்டீரிங் நடுங்கினால் முதலில் இந்த வளையத்தைத் தேடுங்கள். வளையம் இருந்தும் நடுங்கினால் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். தோட்டப் பாதையில் ஓடும் காரில் துருவும் செம்மண்ணும் சேர்ந்து அங்கே பொருக்குத் தட்டி நிற்கும். அரை மில்லி பொருக்கு இருந்தால்கூட ரிம் சாய்ந்துதான் உட்காரும். கம்பிப் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்த பிறகே புது ரிம்மை ஏற்ற வேண்டும்.

நட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹோண்டாவின் கம்பெனி நட்டுகளின் அடி உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலானவற்றின் துளை 60 டிகிரி கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் இறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் உலோகம் தொடும். இறுகியது போலத் தெரியும், சில நாளில் தளர்ந்துவிடும். மரை அளவும் ஒன்றல்ல. ஹோண்டாவின் பெரும்பாலான கார்களுக்கும் மைவிக்கும் 12 மில்லி தடிமன், இழைக்கு இழை 1.5 மில்லி. 86க்கு 12 மில்லி, இழைக்கு இழை 1.25 மில்லி. மாற்றிப் போட்டுக் காற்றுத் துப்பாக்கியால் அழுத்தினால் ஸ்டட்டின் (நட்டு ஏறும் போல்ட்டின்) இழை அங்கேயே செத்துவிடும். எந்த நட்டையும் முதலில் கையால்தான் திருக வேண்டும். 1.5 இழைக்குக் குறைந்தது 8 முழுச் சுற்று, 1.25க்குக் குறைந்தது 10 சுற்று உள்ளே போக வேண்டும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் ஸ்டட் போதவில்லை, அந்த ரிம்மை ஓட்டக்கூடாது. இறுதி இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரில்தான்: ஹோண்டாவின் பெரும்பாலான கார்களுக்கு 108 நியூட்டன் மீட்டர், 86க்கு 120. நட்சத்திர வரிசையில், காரைப் பாதி இறக்கி வைத்து இறுக்குங்கள். இழையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்டால் ஸ்பானர் அதே எண்ணைக் காட்டும்போது ஸ்டட் அதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும்.

செம்மண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. சேற்றுப் பாதையில் போய்வந்த காரை ராத்திரி அப்படியே நிறுத்தினால், ரிம்மின் உட்சுவரில் ஒட்டிய சேறு ஒரு பக்கமாக இறங்கிக் காய்ந்து கல்லாகிவிடும். மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறினால் கார் உதறும். பேலன்சிங் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடியும் காசைக் கொட்டுவார்கள். முதலில் உட்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கழுவும்போது அதிவேகத் தண்ணீரை ஒட்டுக்கட்டிகளின் மேல் நேராகப் பீய்ச்சாதீர்கள். கட்டி ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தைத் தின்னரால் துடைத்திருந்தால்தான் அது மழைக்காலம் முழுக்கத் தாங்கும்.

டயரைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று தவறுகளை அடிக்கடி பார்க்கிறோம். பந்தயத்துக்கான செமி ஸ்லிக் டயரை அன்றாடம் ஓட்டுவது முதலாவது. அதில் பள்ளங்கள் குறைவு, பாதி தேய்ந்தாலே தேங்கிய தண்ணீரில் நிற்காது. இரண்டாவது, பூ நிறைய இருக்கிறது என்பதற்காகப் பழைய டயரை வாங்குவது. டயர் பக்கத்தில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின்னே கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஆறு ஆண்டைத் தாண்டிய ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் வழுக்கும். மூன்றாவது, ஜப்பானிலிருந்து வரும் செக்கண்ட் ஹேண்ட் டயர்களில் பனிக்கால டயரும் கலந்திருப்பது. பக்கச்சுவரில் ஸ்டட்லெஸ் என்ற எழுத்தோ, மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னமோ இருந்தால் அது பனிக்கானது. அதன் ரப்பர் உறைகுளிரிலும் இளகியிருக்கும்படி செய்யப்பட்டது. நம் வெயிலில் குழைந்து நெளியும், சீக்கிரம் தேயும், ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் நீளும். பூ ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சட்டப்படி பூவின் ஆழம் குறைந்தது 1.6 மில்லி இருந்தால் போதும். மழைக்கு அது போதாது. 3 மில்லிக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. காரைத் தாழ்த்தி ஓட்டுபவர்கள் ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பி, டயரின் உட்பக்கத் தோளைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் புதிதுபோல இருக்கும்போதே உட்பக்கம் கம்பி தெரியுமளவு மொட்டையாகியிருக்கும். காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துவிடும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும், அதைப் பிடிக்கப் பெரும்பாலோருக்குக் கை வராது.

காற்றைக் குறைத்தால் மழையில் பிடிப்பு கூடும் என்றொரு நம்பிக்கை ஊரில் பலமாக இருக்கிறது. சேற்றில் சிக்கிய ஜீப்புக்கு அது சரி. தார்ச்சாலைத் தண்ணீருக்குத் தவறு. 1960களில் நாசா விமானச் சக்கரங்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து ஒரு சூத்திரம் கிடைத்தது: காற்றழுத்த பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் வரும். 32 பிஎஸ்ஐக்கு 94. 25 பிஎஸ்ஐக்கு 83. கார் டயரின் அகலத்தையும் பூவையும் பொறுத்து இது கூடக் குறைய இருக்கும், ஆனால் போகும் திசை மாறாது. காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உட்குழிந்து பள்ளங்கள் மூடிக்கொள்கின்றன. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைக் காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்த்து வையுங்கள்.

டயர்க் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிம் மாற்றும்போது அகலம், ஆஃப்செட், வளையத்தின் அளவு, நட்டின் வகை, இறுக்கிய அளவு ஆகிய ஐந்தையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ஸ்பானரில் பார்க்க வாடிக்கையாளரை வரச்சொல்லி, அதற்குக் காசு வாங்காதீர்கள். ஒரு காருக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
டயர், ரிம் பொருத்தும் தொழிலாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.