ஆண்டறிக்கை: கிராஸ்பில் பதிவுகள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டு நம் வேலையின் பெரும்பகுதி கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள அல்கொன்குயின் பூங்காவில் உறுப்பினர்கள் கண்டெழுதிய கிராஸ்பில் பறவைப் பதிவுகளைச் சரிபார்ப்பதிலேயே போனது. கிராஸ்பில் என்பது அலகின் நுனிகள் ஒன்றையொன்று குறுக்கிடும், ஊசியிலை மரக் கூம்புகளின் விதையைத் தின்னும் பிஞ்ச் வகைச் சிறுபறவை; நாம் பிரித்தறிய வேண்டியவை வெண்சிறகு, சிவப்பு என்ற இரண்டு இனங்கள். அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நிராகரித்த பதிவுகள் பெரும்பாலும் ஒரே வகை: சிவப்பாக எதையோ கண்டதும் பெயரை எழுதிவிட்டார்கள். நிறத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். ஆண்கள்தான் சிவப்பு, பெண்கள் மஞ்சள் கலந்த பச்சை, இளம்பறவைகள் உடலெங்கும் பழுப்புக் கோடுகள். முதலில் சிறகைப் பாருங்கள். வெண்சிறகு கிராஸ்பில்லுக்கு இரண்டு அகலமான வெள்ளைப் பட்டைகள் உண்டு, உடலை ஒட்டிய சிறகிறகுகளின் நுனியும் வெள்ளை. சிவப்பு கிராஸ்பில்லின் சிறகு வெறுங்கருமை. இளம் சிவப்பு கிராஸ்பில் சிலவற்றில் மங்கலான மெல்லிய பட்டை தெரியும். அப்போது அந்த இறகு நுனிகளே தீர்ப்பு. பைன் குரோஸ்பீக் என்ற வேறொரு பறவைக்கும் இரண்டு வெள்ளைப் பட்டைகள் உண்டு, ஆனால் அது அமெரிக்க ராபின் அளவு, வால் நீளம், அலகு குட்டையாகத் தடித்திருக்கும், குறுக்கிடாது. வீட்டுத் தீனித்தட்டில் "அலகு குறுக்கே" என்று வரும் படங்களில் ஹவுஸ் பிஞ்ச் என்ற பறவையின் ஊனமான அலகையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது மரம். நம் பதிவுகளில் "பைன் மரம்" என்று எழுதியவற்றில் பாதி பைனே இல்லை! கொத்துக்கு ஐந்து ஊசியிலை என்றால் வெள்ளைப் பைன், நீளமான இரண்டு என்றால் சிவப்புப் பைன். ஸ்புரூஸ் ஊசி விரலிடையே உருளும். ஹெம்லாக் ஊசி தட்டை, அடியில் இரு வெள்ளைக் கோடுகள். குளிர்காலத்தில் ஊசியின்றி, காய்ந்தது போல் நிற்கும் டாமராக் மரத்தைப் பட்டமரம் என்று தாண்டிப் போகாதீர்கள். அதன் சிறு கூம்புகளில் வெண்சிறகு இரை தேடும். வெண்சிறகின் அலகு மெல்லியது, ஸ்புரூஸ், டாமராக் கூம்புகளுக்கே பொருந்தும். பைனின் தடித்த செதிலைப் பிளக்கச் சிவப்பு கிராஸ்பில்லின் கனத்த அலகு வேண்டும். மரத்தடியில் கிடக்கும் கூம்பும் சாட்சி: செதில்கள் நீளவாக்கில் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் கிராஸ்பில், செதிலெல்லாம் கடித்தெறிந்து தண்டு மட்டும் மிஞ்சினால் அணில்.

சிவப்பு கிராஸ்பில்லைப் பறக்கும்போது எழுப்பும் குரலை வைத்து வகை பிரிப்பதை 1993இல் பறவை ஆய்வாளர் ஜெஃப் குரோத் எட்டு வகைகளோடு தொடங்கிவைத்தார். அவற்றுக்குப் பின் வகை 9 என்று எண்ணிடப்பட்ட, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலப் பறவையை 2017இல் கசியா கிராஸ்பில் என்று தனி இனமாகவே பிரித்தார்கள். ஆகவே வகை எண் எழுதுவதானால் ஒலிப்பதிவு கட்டாயம். கைபேசியே போதும், ஆனால் டபிள்யூஏவி கோப்பாக அனுப்புங்கள். எம்பி3யில் சுருக்கினால் நிறமாலைப்படத்தில் (ஒலியை வரைபடமாகக் காட்டுவது) குரலின் வடிவம் மழுங்கும். கிளையில் அமர்ந்து பதறும் குரல் வேறு, அதை வைத்து வகை சொன்னால் தவறும். கூட்டம் கிளம்பும் வரை பதிவை நிறுத்தாதீர்கள்.

ஒலிபெருக்கியில் குரல் போட்டு அழைக்க இனி அனுமதியில்லை. "பனிக்காலம்தானே, கூடு இராது" என்ற வாதம் இங்கே செல்லாது. கூம்பு நிறைந்திருந்தால் ஜனவரியிலும் கூடு கட்டும் பறவை இது.

பயண நாளைக் கூம்பு விளைச்சல் தெரிந்த பிறகே முடிவு செய்யச் செயற்குழு ஒப்புக்கொண்டது. ரொன் பிற்றவே 1999இல் தொடங்கி, 2020 முதல் டைலர் ஹோர் தொடரும் குளிர்காலப் பிஞ்ச் முன்கணிப்பு (விதை விளைச்சலை வைத்து இப்பறவைகள் எங்கே வரும் என்று சொல்வது) வந்த பின்பே வாகனம் ஒழுங்கு செய்வோம். ஸ்புரூஸ் காய்க்காத ஆண்டில் முன்பதிவு செய்து போவது வீண்செலவு.

பூங்காவின் ஊடே செல்லும் 60ஆம் நெடுஞ்சாலையில் கிராஸ்பில்கள் உப்பும் மணலும் பொறுக்கக் கூட்டமாக இறங்குவதால் வாகனங்களில் அடிபட்டுச் சாகின்றன. ஓட்டுநர்கள் கூட்டத்தைக் கண்டதும் மெதுவாக்குங்கள். படம் எடுப்பதற்கென்று சாலையோரத்தில் திடீரென நிறுத்தாதீர்கள், வாகனத் தரிப்பிடம் வரை பொறுங்கள்.

பதிவுப் படிவத்தில் "மரம்", "கூம்பு நிலை", "ஒலிக்கோப்பு" என மூன்று கட்டங்களைச் சேர்க்கும் தீர்மானத்தைச் சபையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்